ஈஸ்டர் கழியட்டும்

மார்ச் 16, திங்கள்

வெயில். எட்டு மணிக்கே முற்றத்துச் சிமெண்ட் சுட்டது. கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது, மோட்டார் காற்றை இழுக்கிறது. குக்கருக்குக் காஸ்கட் வாங்கணும் (மூன்று நாளாக எழுதுகிறேன்).

மத்தியானம் அபிஷாவின் ஃபோன். உத்தரவு வந்துவிட்டது! நெய்யாற்றின்கரையில், அரசாங்க ஆபீஸில் கிளார்க். சேர ஏப்ரல் பத்து வரை நேரம் உண்டு. என் மகள், இருபத்திமூன்று வயதில். நான் வேலையில் ஏறும்போது முப்பத்தைந்து. ஆபீஸ் பாத்ரூமில் போய் அழுதேன். முகம் கழுவி வந்து மறுபடி வீட்டு வரி ரசீது. வருஷக் கணக்கு முடிகிற மார்ச்சில் பஞ்சாயத்து ஆபீஸில் இருப்பவளுக்குச் சந்தோஷப்படக்கூட நேரம் கிடையாது.

வரும் வழியில் உதியன்குளங்கரையில் இறங்கி அரைக் கிலோ லட்டு.

மாமா உத்தரவை லென்ஸ் வைத்து இரண்டு தடவை வாசித்தார். எண்பத்திநாலு வயது. கண் நிறைந்துவிட்டது. பேத்தி தலையில் கை வைத்தார். பிறகு தாளை நாலாக மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தார்.

"நல்ல காரியம். ஆனா இப்பம் லெந்தாக்கும் மக்கா. ஈஸ்டர் கழியட்டு."

என் கையில் லட்டு இருந்தது. அப்படியே டப்பாவில் போட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

காலையில் சட்னி கரிந்தது. கரியட்டும்.

லெந்தில் கல்யாணம் இல்லை, புது வீடு பால்காய்ப்பு இல்லை, புதுத் துணி இல்லை, மாமாவுக்கு மீனும் இல்லை. ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள் ஆண்டவர் பாடுபட்டதை நினைக்க வேண்டும், சரி. நானும் நினைக்கிறேன். வேலையில் சேரக்கூடாது என்று எந்த வசனத்தில் இருக்கிறது? எந்தப் போதகரும் சொல்லவில்லை. இது மாமாவின் அப்பா காலத்துச் சட்டம், இந்த வீட்டுக்கு மட்டும்.

ஆபீஸில் பிந்து பக்கத்து நாற்காலி. பதின்மூன்று வருஷம் முன்னால் ஒரே ரேங்க் லிஸ்ட், ஒரே மாதம் உத்தரவு. அவள் அம்மா ஜோசியரிடம் போனாள், மீன மாதத்திலேயே நல்ல நாள் குறித்துக் கொடுத்தார், மார்ச் நடுவிலேயே சேர்ந்துவிட்டாள். எனக்கு லெந்து. "தாளு மார்ச்சுல வந்தாச்சு, பின்ன என்னத்துக்கு அவசரம்? ஈஸ்டர் கழியட்டு" என்றார் மாமா. அந்த வருஷம் ஈஸ்டர் மார்ச் முப்பத்தொன்று. மறுநாள் திங்கட்கிழமை வெள்ளைச் சேலை கட்டி, ஜெபம் பண்ணி, குடும்பத்தோடு போய்க் கையெழுத்துப் போட்டேன். ஏப்ரல் ஒன்று.

ஏப்ரல் ஒன்று முதல் சேருகிறவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது. பங்களிப்புப் பென்ஷன்.

புதுத் திட்டம் வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஜனவரியில் அதை எதிர்த்து வேலைநிறுத்தச் சமரம் நடந்து ஸ்கூலெல்லாம் பூட்டிக் கிடந்ததே. ஆனால் உத்தரவின் தேதிதான் கணக்கு என்று நாங்களாக முடிவு கட்டிக்கொண்டோம். ஆபீஸில் ஒருத்தரைக் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் மாமா இருக்கிற வீட்டில் வெளியே போய்ச் சந்தேகம் கேட்பதாவது!

முதல் சம்பள பில் எழுதும்போது செக்ஷன் கிளார்க் ஒரு ஃபாரத்தைத் தள்ளினார். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "மேடம் புதுசுல ஆக்கும். சேர்ந்த நாளாக்கும் கணக்கு." அவ்வளவுதான். பன்னிரண்டு இலக்க நம்பர் ஒன்று வந்தது. அதுதான் என் மெம்பர்ஷிப். கல்லறைக்கும் அதையே எழுதலாம்.

இன்று மத்தியானம் பிந்து நீட்டிய அப்பளம் எனக்கு இறங்கவில்லை. அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவள் ஐம்பத்தாறில் இறங்கி பென்ஷன் வாங்குவாள். நான் அறுபது வரை இந்த நாற்காலியில். நாலு வருஷம் கூடுதல் வேலை, அது எங்களுக்கு ஆறுதலாம்!

சேச்சி, ஏப்ரல் ஒன்றிலிருந்து பென்ஷனில் மறுபடி ஏதோ மாறப்போகிறதாம் என்றாள் பிந்து. நல்லதுக்கா கெட்டதுக்கா என்று கேட்டேன். யாருக்கும் தெரியாதாம். ஏப்ரல் ஒன்று என்று கேட்டதும் மேசைக் காலண்டரைத் திருப்பினேன். இந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் ஐந்து.

அபிஷா ஏப்ரல் ஒன்றுக்கு முன் சேர்ந்தே ஆகணும்.

மார்ச் 19, வியாழன்

காஸ்கட் வாங்கினேன். சைஸ் தப்பு.

சாயங்காலம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். மாமா, இந்த வாரமே பிள்ளை போய்ச் சேரட்டும், ஆபீஸ் காரியம், நாளை என்ன மாறும் என்று தெரியாது. மாமா பேப்பரிலிருந்து கண் எடுக்கவில்லை. நேரில் ஒன்றும் சொல்லவும் இல்லை. அவருக்கு அதற்கு வேறு இடம் உண்டு.

ஏழரை மணி ஜெபம். பாட்டு, வேதவாசிப்பு, பிறகு அவர் ஜெபம். "எங்கள் பரம பிதாவே, இந்த வீட்டில் அவசரப்படுகிறவர்களுக்குப் பொறுமையைத் தாரும். முன்னோர்கள் வகுத்த நல்வழியை அற்பமாக எண்ணுகிறவர்களின் இருதயத்தைத் திருப்பும்."

கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறேன். அடுப்பில் வைத்த மாதிரி முகம் எரிகிறது. திருப்பிச் சொல்ல முடியாது, ஆண்டவரிடம் அல்லவா பேசுகிறார்! இருபத்தைந்து வருஷமாக இப்படித்தான். கறியில் உப்புக் கூடினாலும் ஜெபத்தில் வரும். மாமி இருந்தபோது மாமிக்கு விழும். மாமி போனபிறகு மொத்தமும் எனக்கு.

எல்லாரும் ஆமென். நானும். பல்லைக் கடித்துக்கொண்டு ஆமென்.

மார்ச் 21, சனி

ஜஸ்டினோடு சண்டை. டைல்ஸ் கடையிலிருந்து சாப்பிட வந்த புருஷனைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் அப்பாவிடம் இன்றைக்கு நான் எல்லாம் சொல்லப்போகிறேன் என்றேன்.

அவருக்குச் சோறு இறங்கவில்லை. இது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மட்டும் உள்ள விஷயம். எனக்குப் பழைய பென்ஷன் இல்லை என்று மாமாவுக்கு இன்றுவரை தெரியாது. அந்த ஏப்ரலில் ஃபாரத்தைப் பார்த்து நான் அழுது வந்த அன்று மாமா நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இப்போது வேண்டாம் என்றார் ஜஸ்டின். சரி என்றேன். பிறகு மாமிக்குச் சுகமில்லை, வேண்டாம். பிறகு மாமி போய்விட்டாள், வேண்டாம். அந்த வேண்டாம் இன்றுவரை தீரவில்லை.

"அப்பனுக்கு வயசாச்சு ஸ்டெல்லா. இனி அறிஞ்சு என்ன ஆவப்போவுது?"

எனக்கு வயது ஆகவில்லையா? எனக்கு நாற்பத்தெட்டு. மாசாமாசம் சம்பளத்தில் பத்தில் ஒன்று பிடிக்கிறார்கள், அதே அளவு அரசாங்கம் போடுகிறது, எல்லாம் எங்கேயோ சந்தையில் போய்க் கிடக்கிறது. அறுபதில் ஒரு பங்கு கையில் தருவார்கள். மீதிக்கு ஏதோ கம்பெனி மாசாமாசம் ஏதோ தரும். அந்த ஏதோ எவ்வளவு என்று கேட்டால் சந்தைக்கே தெரியாது. இது அறியவேண்டாத காரியமா?

கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டார். சாளை மீன் குழம்பு முழுக்க மிச்சம்.

மார்ச் 22, ஞாயிறு

சபை. போதகருக்கு ஜலதோஷம், பிரசங்கம் சீக்கிரம் முடிந்தது, ஸ்தோத்திரம்.

ஆராதனை முடிந்து பலா மரத்தடியில் மாமா நாலுபேர் நடுவில் நிற்கிறார். தாண்டிப் போகும்போது காதில் விழுந்தது.

"எனக்குப் பென்ஷன் உண்டு, மருமோளுக்கு உண்டு, இனி பேத்திக்கும் உண்டு. ஒரு வீட்டுல மூணு பென்ஷன். எல்லாம் அவனுக்க கிருபையாக்கும்."

செருப்பைத் தேடுகிற மாதிரி அங்கேயே குனிந்து நின்றேன். காலில்தான் செருப்பு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான கோழி வாங்கவில்லை. துணி துவைத்தேன், அடித்துத் துவைத்தேன். ஜஸ்டினின் சட்டையில் இரண்டு பட்டன் போயிற்று.

மார்ச் 24, செவ்வாய்

மழை வரும் போலக் கறுத்தது, வரவில்லை. இன்று கவுண்டரில் கூட்டம். ஒருத்தர் வரி கட்ட வந்து, பக்கத்து வீட்டுக்காரன் தென்னை தன் கூரைமேல் சாய்வதைப் பற்றி அரைமணி நேரம். உங்கள் தென்னையை நானா நட்டேன் என்று கேட்டுவிட்டேன். செக்ரட்டரி திரும்பிப் பார்த்தார்.

சாயங்காலம் அபிஷாவிடம் சொன்னேன், மக்கா, யாரிடமும் கேட்காதே, நாளை காலை நானும் நீயும் போகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், வருகிறோம். அவள் நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"அம்மா, நான் நாளைக்குச் சேந்தாலும் ஈஸ்டர் கழிஞ்சு சேந்தாலும் பங்களிப்புதான். சீனியாரிட்டி ரேங்க்படியாக்கும், அதுவும் போவாது. எல்லாம் கேட்டாச்சு. எனக்கு ரெண்டு நாளும் ஒண்ணுதான். இது ஒங்க சண்டை."

ஏப்ரல் ஒன்றிலிருந்து மாறப்போகிறதாமே என்றேன். மாறினால் எல்லாருக்கும் மாறும், மாறாவிட்டால் யாருக்கும் இல்லை என்றாள். தனுவச்சபுரம் காலேஜுக்கு பஸ்ஸில் போய்ப் படித்த பிள்ளை எனக்கு வகுப்பு எடுக்கிறது.

கோபம் வந்து வாளியை உதைத்தேன். கால் பெருவிரல் வீங்கிவிட்டது. அவள் சொன்னது சரி. அதுதான் கோபம். எனக்குச் சட்டம் தெரியாதா? பன்னிரண்டு பேருக்கு அந்த ஃபாரம் நிரப்பிக் கொடுத்தவள் நான்தான். ஏப்ரல் ஒன்று என்றதும் எல்லாம் மறந்துவிட்டது.

அப்படியானால் அவள் எப்போது வேண்டுமானாலும் சேரட்டும் என்று விட்டுவிடலாம். விட முடியவில்லை. இந்த வீட்டில் இரண்டாவது தடவை அந்த வார்த்தைக்குத் தலையாட்ட என்னால் ஆகாது.

மார்ச் 25, புதன்

செய்துவிட்டேன்.

இன்று எழுத்து கோணல்.

ஏழரை மணி ஜெபம். மாமா ஆரம்பித்தார். உலக சமாதானம், நோயாளிகள், போதகரின் ஜலதோஷம், பிறகு நான். "ஆண்டவரே, தாயே பிள்ளைக்கு இடறலாக இராதபடி காத்தருளும்."

தாயே இடறலாக!

வழக்கமாக அவருக்குப் பின் ஜஸ்டின் இரண்டு வரி, பிறகு பரமண்டல ஜெபம், எழும்பிவிடுவோம். நான் வாய் திறந்து ஜெபம் பண்ணுவது மாமியின் வருஷ நினைவுக்கு மட்டும். ஜஸ்டின் தொண்டையைச் செருமுவதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். யாராலும் நிறுத்த முடியாது. ஆண்டவரிடம் அல்லவா பேசுகிறேன்!

சொன்னது, ஞாபகம் உள்ளவரை:

ஆண்டவரே, உமக்கு எல்லாம் தெரியும். அந்த வருஷம் எனக்கு உத்தரவு மார்ச்சில் வந்தது. அன்றே சேர்ந்திருந்தால் எனக்கும் மாமாவைப் போல பென்ஷன் உண்டாயிருக்கும். ஈஸ்டர் கழியட்டும் என்றார்கள். ஒரு நாள் பிந்தினேன். அதனால் எனக்கு அந்தப் பென்ஷன் இல்லை, ஒருக்காலும் வராது. பதின்மூன்று வருஷமாக இதை மாமாவிடம் சொல்லாமல் வைத்திருக்கிறோம். சபையில் மூன்று பென்ஷன் என்கிறார். மூன்று இல்லை ஆண்டவரே, ஒன்றுதான். நீர் லெந்தில் வேலைக்குச் சேராதே என்று எங்கே சொன்னீர்? எனக்குக் காட்டித் தாரும். இயேசுவின் நாமத்தில்.

நிறுத்தினேன். இனி ஆமென் வரவேண்டும்.

வரவில்லை. ஜஸ்டின் சொல்லவில்லை, அபிஷா சொல்லவில்லை, மாமா சொல்லவில்லை. எனக்கே நாக்கு எழும்பவில்லை. ஃபேன் சத்தம் மட்டும். யார் முதலில் கண் திறந்தார்கள் என்று தெரியாது. நான் திறந்தபோது மாமா நாற்காலி காலி. அவர் அறைக்கதவு சாத்தியிருந்தது.

ஜஸ்டின்: "சமாதானம் ஆச்சா?"

ஆகவில்லை. கழுவாத பாத்திரம் எல்லாம் கழுவினேன்.

மார்ச் 26, வியாழன்

மாமா காலையில் கஞ்சி குடிக்கவில்லை. மாத்திரை மட்டும். பத்து மணிக்கு ஆட்டோ கூப்பிட்டு டிரஷரிக்குப் போனாராம், அபிஷா ஃபோனில் சொன்னாள். மாதக் கடைசியில் டிரஷரியில் அவருக்கு என்ன வேலை? பென்ஷன்காரர்கள் கூடுகிற இடம் அது. விசாரிக்கப் போயிருக்கிறார். என் ஜெபத்தைச் சரிபார்க்க! ஆபீஸிலிருந்தே பல்லைக் கடித்தேன்.

மத்தியானம் திரும்பி வந்தாராம். நேரே அறைக்குப் போனாராம். இளநீர் கொடுத்ததற்கும் கை மட்டும் காட்டினாராம்.

ராத்திரி ஜெபத்துக்கு வெளியே வரவில்லை. எனக்குத் தெரிந்து இந்த வீட்டில் முதல் தடவை. ஜஸ்டின் இரண்டு வரி சொல்லி முடித்தார். ஆஸ்பத்திரி ஃபைல் எந்த அலமாரியில் என்று பார்த்து வைத்துக்கொண்டேன். அவருக்கு ஏதாவது ஆனால் ஊர் என்னைத்தான் சொல்லும்.

குக்கர் இன்னும் ஆவி விடுகிறது.

மார்ச் 28, சனி

முதல் தடவையாகக் கொஞ்சம் காற்று.

மத்தியானத்துக்குப் பிறகு மாமா கூப்பிட்டார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறார், கண்ணாடி போட்டு, பேனா மூடியைக் கழற்றி.

"அந்த பென்ஷன் பேப்பர் எல்லாம் எடுத்துட்டு வா. எனக்கு வாசிச்சுச் சொல்லு."

கொண்டுபோய்ப் போட்டேன். மெதுவாக வைத்தேன் என்று சொல்லமாட்டேன்.

ஒன்றொன்றாகக் கேட்டார், ஸ்கூலில் பரீட்சைத்தாள் பார்க்கிற மாதிரி. இந்த நம்பர் யாருடையது. பிடித்தம் எங்கே போகிறது. யார் வைத்திருக்கிறார்கள். நடுவில் எடுக்கலாமா. மெம்பர் ஆகாமல் இருக்க முடியுமா. முடியாது மாமா, சேர்ந்த அன்றே மெம்பர், நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும். பழையதுக்கு மாற விண்ணப்பம் உண்டா. இரண்டு தடவை கொடுத்தேன் மாமா. என்ன சொன்னார்கள். சேர்ந்த நாள்.

அந்த வருஷத்துக் காலண்டரைத் தாளில் அவரே எழுதினார். ஞாயிறு ஈஸ்டர். வெள்ளி லீவு, வியாழன் லீவு.

"புதன்கிழமை போயிருக்கலாம்" என்றேன்.

பேனா நின்றது. கண்ணாடிக்குள் கண் நிறைந்தது. எனக்குப் பாவம் என்று தோன்றியது, அப்படித் தோன்றியதற்கே கோபம் வந்தது. இத்தனை வருஷம் சுமந்தது நான், கண் நிறைவது அவருக்கா?

பிறகு சொன்னார், என்னைப் பார்க்காமல்: "எனக்க பென்ஷன் நான் போனா நிண்ணு போவும். பின்ன இந்த வீட்டுல ஒண்ணும் இல்ல, இல்லியா."

இல்லை என்றேன். வேறு என்ன சொல்ல?

மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. தாளையெல்லாம் ஒழுங்காக அடுக்கி, கிளிப் போட்டுத் திருப்பித் தந்தார். கிளிப் அவருடையது.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

பவனி. ஓசன்னா பாடி ரோட்டைச் சுற்றி வந்ததில் தலைவலி. பலா மரத்தடியில் மாமா நிற்கவில்லை, நேரே ஆட்டோவுக்கு வந்துவிட்டார். யாரோ பேத்தி எப்போது ஏறுகிறாள் என்று கேட்டார்கள். செவ்வாய் என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். ஜஸ்டின் திரும்பிப் பார்த்தார். அபிஷா ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லெந்து முடியுமுன், பாடு வாரத்தில், செவ்வாய். என்னிடம் சொல்லவில்லை, ஊர்க்காரனிடம் சொல்கிறார். இந்த மனுஷன் நேரே பேசப் படிக்கவே மாட்டார்.

மார்ச் 30, திங்கள்

நாளைக்கு:
- அபிஷா சர்டிஃபிகேட் ஒரிஜினல், இரண்டு செட் நகல்
- ஃபோட்டோ
- மெடிக்கல்
- என் அரைநாள் லீவு (மார்ச் முப்பத்தொன்றில்! செக்ரட்டரி முகத்தைப் பார்க்கணும்)
- காஸ்கட், பழையதைக் கையோடு கொண்டுபோய்

புதுச் சுடிதார் வேண்டாம், உள்ளதே போதும் என்றாள். லெந்து அல்லவா என்றாள், சிரிக்காமல். எனக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு கோபமும் வந்தது.

மார்ச் 31, செவ்வாய்

ராத்திரி மழை. முற்றம் குளிர்ந்து கிடந்தது.

ஏழே முக்காலுக்கு எல்லாரும் ஹாலில். புதுக் காரியத்துக்குப் போகும்முன் மூத்த ஆண்பிள்ளை ஜெபம் பண்ணுவது வழக்கம். எனக்கு அன்று பண்ணியதும் இதே மாமா, இதே இடத்தில் நின்று. நான் பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டு, இன்று என் தலையில் என்ன விழுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

ஒன்றும் வரவில்லை. கண் திறந்தேன். மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பண்ணு" என்றார்.

மறுபடி கண்ணை மூடினேன். ஆண்டவரே என்றேன். அதற்கு மேல் வரவில்லை. பதின்மூன்று வருஷத்துச் சொல் எல்லாம் புதன்கிழமையே தீர்ந்துபோயிருந்தது. ஃபேன் ஓடியது.

"ஆமென்" என்றார் மாமா. தனியாக, சத்தமாக.

பஸ் ஹாரன் கேட்டது. ஓடினோம்.